சூத்திரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்

கேள்வி: ஐயா, கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் படிவங்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பில் நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு கொடுத்தால் எண்ணைப் போட்டு விடை எடுத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் மௌனம். பாதிப் பேர் டியூஷனில் முன்கூட்டியே படித்துவிட்டு வருகிறார்கள். மீதிப் பேர் இந்தப் பாடத்தை எடுத்திருக்கவே கூடாது என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் பொருள் போதாது. நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தம்பி, பொருள் போதவில்லை என்ற கவலையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எழுதியதில் என் மனத்தைத் தொட்டது "ஏன் என்று கேட்டால் மௌனம்" என்ற வரிதான். அந்த மௌனத்தைப் பார்த்து இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் விசையைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் எண்ணங்கள் நிறையவே இருக்கின்றன. தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் ஓடும், கனமானது சீக்கிரம் விழும், மின்கலத்திலிருந்து கிளம்பும் மின்னோட்டத்தில் கொஞ்சத்தை விளக்கு தின்றுவிடும். இதெல்லாம் அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டவை. நாம் பலகையில் எழுதும் நியூட்டன் விதி இவற்றை அசைப்பதே இல்லை. தேர்வுக்கு ஓர் இயற்பியல், வெளியே நடமாட இன்னோர் இயற்பியல் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நீங்கள் விளக்கம் சொல்வதற்கு முன்னால், வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் என்ன நடக்கும் என்று தன் கணிப்பை எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் அதற்காக வாதாட வேண்டும். பிறகு சோதனை. சூத்திரம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும். மற்ற மாற்றங்கள் எல்லாம் இதற்குத் துணை செய்பவைதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஹாலூன், ஹெஸ்டனஸ் என்ற இருவர் 1985-இல் கல்லூரி மாணவர்களிடம் இயக்கம் பற்றிக் கணக்கே இல்லாத எளிய கேள்விகளைக் கேட்டு, ஒரு பருவம் முழுக்கப் பாடம் கேட்ட பிறகும் அவர்களுடைய பழைய எண்ணங்கள் அப்படியே இருப்பதைக் காட்டினார்கள். ஹார்வர்டில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எரிக் மஸூர் அதைப் படித்துவிட்டு, தன் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அதே மாதிரிக் கேள்விகளைக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாள். இயற்பியல் கற்பித்தலில் இதைவிட நேர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. அதன்பின் அவர் தன் வகுப்பையே மாற்றி, மாணவர்களை ஒருவருக்கொருவர் விளக்க வைக்கும் முறையை வளர்த்தார். 1998-இல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 வகுப்புகளில் படித்த 6,500-க்கும் மேற்பட்டவர்களின் தரவைத் திரட்டினார். பாடத்துக்கு முன்னும் பின்னும் ஒரே தேர்வை வைத்து, முன்னேற இடமிருந்த அளவில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று கணக்கிட்டார். ஆசிரியர் மட்டுமே பேசிய வகுப்புகளில் அது சராசரியாக 0.23. மாணவர்கள் பேசி, கணித்து, வாதாடிய வகுப்புகளில் 0.48. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வகுப்பில் இது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். இருவருக்கு ஓர் உலர் மின்கலம், பழைய கைவிளக்கில் இருக்கும் சிறு இழை விளக்கு, ஒரே ஒரு கம்பித் துண்டு கொடுங்கள். விளக்குத் தாங்கியும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம். எரிய வையுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு முன், கம்பியை எங்கெங்கே தொட வைப்பார்கள் என்று ஒரு படம் வரையச் சொல்லுங்கள். நிறையப் படங்களில் மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து கம்பி கிளம்பி விளக்கின் அடியைத் தொடும், அத்தோடு முடிந்துவிடும். சிலர் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்து, விளக்கை ஒரு முனையில் உட்கார வைப்பார்கள். கம்பி சூடாகும். சூடானால் உடனே விட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். பதறி ஓடிப்போய் உதவாதீர்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது விளக்கின் பக்கவாட்டு உலோகத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், எரியும். அப்போது எல்லாரையும் விளக்கைக் கண்ணருகில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இழையின் இரண்டு கால்களும் உலோக அடிப்பகுதிக்குள் இறங்குவது கண்ணாடி வழியே தெரியும். உள்ளே ஒன்று அடிப்புள்ளிக்கும் மற்றது பக்கவாட்டு உலோகத்துக்கும் போகிறது. மூடிய சுற்று என்றால் என்ன என்பதை அதற்குப் பிறகு நீங்கள் சொல்லித்தர வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்த பாடவேளையில் ஒரு படி மேலே போகலாம். ஒரே மாதிரியான ஐந்து விளக்குகள், ஒரே மாதிரியான மூன்று மின்கலங்கள். முதல் மின்கலத்தில் ஒரு விளக்கு தனியாக. இரண்டாவதில் இரண்டு விளக்குகள் தொடரிணைப்பில். மூன்றாவதில் இரண்டு விளக்குகள் பக்க இணைப்பில். பிரகாச வரிசைப்படி எழுதுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மட் குழு இந்தக் கேள்வியைக் கேட்டபோது, மின்சாரப் பாடத்தைப் படித்து முடித்த பல்கலைக்கழக மாணவர்களிலேயே சுமார் 15 விழுக்காட்டினர்தான் சரியாகச் சொன்னார்கள். தனி விளக்கும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் ஒரே பிரகாசம், தொடரிணைப்பில் உள்ள இரண்டும் மங்கல், அந்த இரண்டுக்குள் வேறுபாடு இல்லை. உங்கள் மாணவர்களில் பலர் தொடரிணைப்பில் முதல் விளக்கு அதிகம் எரியும் என்பார்கள். ஓம் விதிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்குகிறவர்களும் சொல்வார்கள். எந்த எண்ணத்தோடு அவர்கள் வகுப்புக்குள் வந்தார்கள் என்பது அந்த நிமிடத்தில் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றாகத் தெரிய வரும்.

பெரிய வகுப்பில் இதை நடத்தப் பணம் தேவையில்லை. நான்கு நிற அட்டைகள் போதும். கேள்வியைப் பலகையில் எழுதி நான்கு விடை கொடுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது, தனியாக யோசித்து விடையை நோட்டில் எழுத வேண்டும். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் என்பது முக்கியம், இல்லாவிட்டால் முன்வரிசை கெட்டிக்காரரைப் பார்த்து அட்டைகள் மாறிவிடும். கிட்டத்தட்ட எல்லாரும் சரி என்றால் அடுத்ததற்குப் போங்கள். மிகச் சிலரே சரி என்றால் நீங்கள் குறிப்புக் கொடுத்து மறுபடி கேளுங்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை சரி என்றால் அதுதான் நல்ல நேரம். தன்னோடு ஒத்துப்போகாத ஒருவரைத் தேடிப் பேசச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நிமிடம். மறுபடி அட்டை. இடையில் சரியான விடை எதுவென்று உங்கள் முகம்கூடக் காட்டக்கூடாது.

டியூஷன் விஷயத்துக்கு வருகிறேன். நகரப் பிள்ளைகளுக்கு இது நல்லதும் கெட்டதும். நீங்கள் அத்தியாயத்தைத் திறக்கும்போது அவர்களிடம் சூத்திரம் ஏற்கனவே இருக்கிறது, ஆகவே ஆர்வம் இல்லை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. சூத்திரம் கையில் இருந்தும் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேளுங்கள். பந்தை நேராக மேலே எறிகிறோம். உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? வேகம் சுழியம் என்பதால் முடுக்கமும் சுழியம் என்று பெரும்பாலோர் அட்டை தூக்குவார்கள். அப்படியானால் அது ஏன் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். கீழ்நோக்கி 9.81 மீட்டர் பெர் வினாடி வர்க்கம், எறிந்த கையை விட்டதிலிருந்து திரும்பி வரும்வரை அதேதான், என்று அவர்களே வந்து சேர்வார்கள். டியூஷனுக்குப் போகாத பிள்ளையும் போகிற பிள்ளையும் இந்தக் கேள்வியின் முன் சமமாக நிற்கிறார்கள். பாடத்தை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அந்த மீதிப் பாதிக்கு இது எவ்வளவு தெம்பு தரும் என்பதைப் பாருங்கள்.

கோலாலம்பூரில் இருந்துகொண்டு பொருள் இல்லை என்று சொல்லக்கூடாது, தம்பி. உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள்? அவர்கள் தினமும் ஏறி இறங்கும் மின்தூக்கிதான் ஐந்தாம் படிவம் முதல் அத்தியாயத்தின் ஆய்வுக்கூடம். முள் உள்ள பழைய எடைத்தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். எண் காட்டும் புதிய தராசு வேண்டாம், அது ஒரு மதிப்பைப் பிடித்துக்கொண்டு அசையாது. ஏறுவதற்கு முன் நான்கு கணிப்புகள் எழுத வேண்டும்: மேலே கிளம்பும்போது, மேலே சீராகப் போகும்போது, கீழே சீராக வரும்போது, கீழே வந்து நிற்கப் போகும்போது முள் எங்கே இருக்கும்? மேலே போகும்போதெல்லாம் கூடும், கீழே வரும்போதெல்லாம் குறையும் என்றுதான் எழுதுவார்கள். தராசு வேறு கதை சொல்லும். சீராகப் போகும்போது மேலேயோ கீழேயோ, முள் தரையில் நின்றபோது இருந்த இடத்திலேயே இருக்கும். கீழே வந்து நிற்கும் அந்த நேரத்தில் கூடும். 50 கிலோ உள்ள பிள்ளை, மின்தூக்கி மேல்நோக்கி 1 மீட்டர் பெர் வினாடி வர்க்கம் முடுக்கத்தில் கிளம்பினால் முள் 55-ஐத் தொடும். திசைக்கும் முடுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை உடம்பாலேயே உணர்ந்துவிட்டு வகுப்புக்கு வருகிறவருக்கு, விளைவு விசைக் கணக்கில் கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் வராது.

தராசு கிடைக்காவிட்டால் கைப்பேசி. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற செயலி இலவசம். கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி அளப்பதை அது வரைபடமாகக் காட்டும். மின்தூக்கியின் தரையில் கைப்பேசியை வைத்தால் 9.8-இல் ஓடும் கோடு, மேலே கிளம்பும்போது ஒரு மேடு, மேலே போய் நிற்கும்போது ஒரு பள்ளம். பள்ளிக்கு மாணவர் கைப்பேசி கொண்டுவர முடியாது என்பது தெரியும். அம்மா அப்பாவின் கைப்பேசியில் வீட்டில் செய்யட்டும், வரைபடத்தைக் கையால் வரைந்து கொண்டுவரட்டும். பெற்றோர் ஒருவர் கூடவே மின்தூக்கியில் ஏறினால் இன்னும் நல்லது. பிள்ளை என்ன படிக்கிறது என்று வீட்டுக்குத் தெரியட்டும்.

ஆய்வுக்கூடச் சோதனைகளில் நான் வெறுக்கும் ஒரு விஷயம், படிப்படியாக எழுதிக்கொடுத்த செய்முறை. பிள்ளைகள் அதை வரி வரியாகப் பின்பற்றி, எதிர்பார்த்த எண்ணை எழுதி, தாளை ஒப்படைத்துவிடுகிறார்கள். இப்போதைய இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டமான கேஎஸ்எஸ்எம்-இல், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் தாள் 3 செய்முறைத் தேர்வு. அங்கே கையும் மூளையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும், மனப்பாடம் கைகொடுக்காது. ஆகவே செய்முறைத் தாளை மூடி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். தனி ஊசலை எடுங்கள். 1 மீட்டர் நூலில் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 2 வினாடி என்று முதலில் வகுப்பில் அளக்கட்டும். பிறகு பள்ளிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து 9 மீட்டர் கயிற்றில் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிடலாம், கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு. எத்தனை வினாடி? நீளம் ஒன்பது மடங்கு, ஆகவே 18 வினாடி என்பார்கள். அளந்தால் 6, மூன்று மடங்குதான். முழு வகுப்பும் ஒரு நிமிடம் வாயைப் பிளந்து நிற்கும். போத்தலில் தண்ணீருக்குப் பதில் மணலைப் போட்டால் என்ன ஆகும் என்று அடுத்துக் கேளுங்கள். வர்க்கமூலம் எதற்காக ஊசல் சூத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றைக்கு விளங்கும். ஒரு கயிறு, ஒரு போத்தல், நாற்பது பேர், பொருள் போதவில்லை என்ற பேச்சே இல்லை.

நகரின் இலகு ரயிலான எல்ஆர்டியின் கிளானா ஜெயா தடத்தையும் விட்டுவிடாதீர்கள். 1998-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் சக்கரங்கள் வண்டியைத் தாங்க மட்டுமே. தள்ளுவது நேரியல் தூண்டல் மோட்டார். பங்சார் மாதிரி மேல்மட்ட நிலையத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தாலே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் தட்டையான உலோகப் பட்டை ஓடுவது தெரியும். வண்டியின் அடியில் உள்ள சுருள்கள் அந்தப் பட்டையில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் காந்தப்புலத்தோடு மோதி முன்னே நகர்கின்றன. அம்பாங் தடத்தில் இந்தப் பட்டை கிடையாது, அங்கே வழக்கமான சுழல் மோட்டார். இந்தப் பட்டை எதற்கு என்ற கேள்வியை மின்காந்தவியல் அத்தியாயம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தமிழ்ப் பிள்ளைகளின் மௌனத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் படித்தவர், இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறார், இருமொழித் திட்ட வகுப்பானால் ஆங்கிலத்துக்கு. கணிதமும் அறிவியலும் 2003-இல் ஆங்கிலத்துக்குப் போயின, 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள், 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. இந்த அலைச்சலுக்கெல்லாம் பிள்ளை பொறுப்பில்லை. யோசனை பாதி உருவாகியிருக்கும்போதே அதைத் தனக்குப் பழகாத மொழியில் எல்லார் முன்னிலையிலும் சொல் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே இருவர் பேசும் அந்த மூன்று நிமிடத்தில் எந்த மொழியும் வரட்டும். தமிழ்ப் பிள்ளைகள் தமிழில், சீனப் பிள்ளைகள் மாண்டரினில் வாதாடட்டும். எழுதும்போது மட்டும் தேர்வு மொழியில் முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்று வற்புறுத்துங்கள். இரண்டும் தேவை.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். கொஞ்ச நாளில், சார் பாடமே நடத்துவதில்லை, எங்களையே பேசவிடுகிறார் என்று புகார் வரும். பெற்றோரிடமிருந்தும் வரலாம். 2019-இல் ஹார்வர்டில் டெஸ்லோரியேர் குழு இதையே சோதித்துப் பார்த்தது. தாங்களே செய்து கற்ற வகுப்பு மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் நல்ல விரிவுரையைக் கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். தெளிவான பேச்சைக் கேட்கும் சுகத்தை நாம் புரிதல் என்று எடுத்துக்கொள்கிறோம். முதல் வாரத்திலேயே இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அந்த ஆய்வில் வந்ததையும் சொல்லுங்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் பழைய எஸ்பிஎம் தாள்களில் காரணம் கேட்கும் கேள்விகளை எடுத்துக் காட்டுங்கள், அதற்குத்தான் இந்தப் பயிற்சி என்று. நீங்கள் வைக்கும் மாதத் தேர்விலும் எண்ணே இல்லாத ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும். மதிப்பெண் இல்லாத எதையும் நம் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

பெட்ரோசைன்ஸ் அறிவியல் காட்சியகம், புக்கிட் கியாராவில் தேசிய அறிவியல் மையம் என்று கூட்டிப்போவது நல்லதுதான். ஆனால் நீளமான வினாத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரே ஒரு காட்சிப்பொருளை எடுத்து, முன்கூட்டியே கணித்துவிட்டுப் போனால் போதும்.

செலவே இல்லாத இன்னொன்றும் இருக்கிறது. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3.1 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டில் இருமுறை, மார்ச் 28-ஐ ஒட்டியும் செப்டம்பர் 15-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சியில் வரும், செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழல் இருக்காது. பினாங்கில் இது ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும். நிழல் மறைவது எத்தனை மணிக்கு என்று கணிக்கச் சொன்னால் 12 என்பார்கள். உண்மையில் 1 மணி 10 நிமிடத்தை ஒட்டி இருக்கும், ஏனென்றால் தீபகற்பத்தின் கடிகாரம் 1982 முதல் 120 பாகை கிழக்கின் நேரத்தில் ஓடுகிறது, நாமோ 101.7 பாகையில் இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம் என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். முதல் இரண்டு மாதம் வாரத்தில் ஒரு பாடவேளை மட்டும் அட்டைக் கேள்வி. பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதுமா என்ற பயம் வரும். பாடநூலில் ஏற்கனவே அச்சாகியிருப்பதைப் பலகையில் எழுதிப்போடுவதை நிறுத்தினால் அந்த நேரம் கிடைத்துவிடும். உங்கள் பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ இயற்பியல் எடுக்கும் இன்னோர் ஆசிரியரைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசையில் உட்கார்ந்து, மாணவர் இருவர் பேசுவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தனி நோட்டு வைத்து, பிள்ளைகள் தவறான விடைக்குச் சொல்லும் காரணங்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு அட்டைக் கேள்விகளுக்கு நான்கு விடை எழுதும்போது, தவறான மூன்றையும் அந்த நோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.